கச்சேரி எழுதிய வம்சம்: பதிவேட்டின் கேள்விகளும் பாட்டன்களின் பதில்களும்

1

ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு சாராருக்குப் பட்டம் வேண்டும். ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு தேடிப் போகிறார்கள். இன்னொரு சாராருக்குப் பாட்டன் வேண்டும். கடந்த முப்பதாண்டுகளில் தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது கூட்டம் பெருத்திருக்கிறது. நிலத் தகராறு, கோயிலில் பரிவட்டம், சாதிச் சங்க மாநாட்டு மலருக்கு ஒரு 'வரலாறு' என்று காரணங்கள் பலவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: எங்க பாட்டன் யாரு, அவனுக்கு இங்க என்ன பாத்தியதை?

அலங்காநல்லூர் போன்ற ஊரில் இந்தக் கேள்வியின் சூட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வாடிவாசலில் முதலில் கோயில் காளை அவிழ வேண்டும் என்பது முறை. அந்த முறைக்குப் பின்னால் யார் யாருக்கு என்ன மரியாதை, எந்த வரிசை என்பதில்தான் ஊர்களின் அரசியலே இருக்கிறது. 'எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எங்களுக்குத்தான்' என்று ஒருவர் சொன்னால், 'ரெக்கார்டு இருக்கா?' என்று எதிராளி கேட்கிறார். சல்லிக்கட்டு 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்டு, 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தால் மீண்டு, 2023 மே மாதம் அதே நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. இந்த ஒன்பதாண்டு வழக்கு முழுக்க அடிபட்ட சொல்லும் 'பாரம்பரியம்'தான். வாய்வழி நினைவு தன்னை நிரூபிக்கக் காகிதத்திடம் போய் நிற்கிறது.

ஆனால் அந்தக் காகிதம் யாருடையது? நம்முடைய பாட்டன்கள் தங்களைப் பற்றி எழுதிவைத்த காகிதமல்ல அது. அரசு ஒரு கேள்வி கேட்டது. கேட்ட கேள்விக்கு மட்டும் அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலையும் ஒரு குமாஸ்தா தன் கட்டங்களுக்குள் எழுதினான். காப்பகத்தில் நமக்குக் கிடைப்பது பாட்டன் அல்ல, பாட்டனைப் பற்றிக் கச்சேரி வைத்திருந்த கணக்கு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்படும் வம்ச வரலாறுகள் என்னவாக முடிகின்றன என்பதே இங்கு பேச வேண்டிய விஷயம்.

2

முதலில் எங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எழும்பூரில் காந்தி இர்வின் சாலையிலுள்ள சிவப்புக் கட்டடம் 1909இல் முடிக்கப்பட்டது. மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று பெயர். 1911இல் டாட்வெல் அதன் காப்பாளரானார். 1973இல் அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று ஆனது. மதுரையைப் பற்றிய பழைய தொகுதிகளில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. மதுரைக்காரனின் பாட்டன் நானூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி எழும்பூரில் குடியிருக்கிறான் என்பதே அதிகாரம் எப்படி மையத்தை நோக்கி ஒழுகியது என்பதற்குப் போதுமான சாட்சி. மாவட்ட அளவில் ஆவண மையம், ஆட்சியர் அலுவலகப் பதிவறை, வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் என்று மிச்சம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

திண்டுக்கல் சீமை 1792இல் திப்புவிடமிருந்தும், மதுரை 1801இல் நவாபிடமிருந்தும் கம்பெனிக்குப் போயின. அதிலிருந்துதான் கலெக்டர் கடிதங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. கிராமத்திலிருந்து தாலுகா, தாலுகாவிலிருந்து கலெக்டர், கலெக்டரிடமிருந்து 1786இல் தொடங்கி 1980 வரை இருந்த வருவாய் வாரியம் என்று செய்தி மேலே ஏறியது. ஒவ்வொரு படியிலும் பெயர்கள் உதிர்ந்தன. கிராமக் கணக்கில் ஆளாக இருந்தவன் தாலுகாவில் தொகையாகி, வாரியத்துக்குப் போகும்போது சதவீதமாகிவிடுகிறான். ஆகவே பாட்டனைத் தேடுகிறவன் கீழ்ப்படியில் தேட வேண்டும். கீழ்ப்படிக் காகிதங்கள்தாம் மிகக் குறைவாக மிஞ்சியிருக்கின்றன என்பது இந்த விவகாரத்தின் முதல் துயரம்.

தேடுகிறவனுக்கு எல்லைகளும் காலிடறும். அலங்காநல்லூர் இன்று வாடிப்பட்டி வட்டம். 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெஜட்டியரைப் புரட்டினால் வாடிப்பட்டி என்றொரு வட்டமே கிடையாது. 1910இல் ராமநாதபுரம் பிரிந்தது, 1985இல் திண்டுக்கல், 1996இல் தேனி. ஊர் நகரவில்லை, அதன் முகவரி நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆண்டும் அப்படித்தான். பழைய கணக்கில் பசலி ஆண்டுதான் இருக்கும். ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1270 என்றால் 1860-61. இன்றைக்கும் ஜமாபந்தி பசலியில்தான் நடக்கிறது. முகலாயர் காலத்து வரி ஆண்டு ஒன்று நம் கிராம நிர்வாகத்தில் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்வதில்லை.

3

வம்சம் தேடுகிறவர்களுக்கு மிகப் பிரியமான ஆவணம் இனாம் பதிவேடு. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், முந்தைய அரசர்கள் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட மானிய நிலங்களை எல்லாம் விசாரித்தது. கோயில் மானியம், பிராமணர்களுக்கு விட்ட மானியம், சத்திரம், தண்ணீர்ப் பந்தல், தச்சர் கொல்லர் வண்ணார் நாவிதர் போன்றோரின் ஊழிய மானியம் என்று எல்லாம் அதில் வரும். மானியம் கொடுத்தவர் யார், முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு வயதென்ன, முதல்வருக்கு இவர் என்ன உறவு என்று பத்தி பத்தியாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மூன்று தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும். வேறெங்கும் கிடைக்காத செல்வம் அது, மறுப்பதற்கில்லை.

ஆனால் ஏன் கேட்டார்கள்? மானியம் செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்க. ஐம்பது வருஷ அனுபவம் இருந்தால் உரிமை ஏற்கப்படும் என்பது விதி. வாரிசு உண்டா என்பதைப் பொறுத்து நிலத்தின் எதிர்காலம் இருந்தது. அப்படியானால் 1860களில் ஒரு குடும்பத் தலைவர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து சொன்ன வம்சாவளி என்ன வகையான பிரதி? தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். பங்காளிச் சண்டையில் பிரிந்துபோன அண்ணன் அதில் இருக்க மாட்டான். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். கொடுத்தவர் பெயராகத் திருமலை நாயக்கரையோ மங்கம்மாளையோ சொன்னால் மானியத்துக்குக் கனம் கூடும் என்பது எந்தக் கிராமத்தானுக்கும் தெரியும். அவன் பொய் சொன்னான் என்பதல்ல வாதம். அவன் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னான். இந்தக் கேள்வியின் நிழல் விழாத பதில் அந்தப் பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை.

இதற்கு முன்னரே இப்படி ஒரு வகைமாதிரி நமக்கு உண்டு. காலின் மெக்கன்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் உதவியாளர்களை அனுப்பித் திரட்டிய கைபீதுகளில் பாளையப்பட்டுகளின் வம்சாவளிகள் நிறைய. மறவர், கள்ளர், தொட்டியர் என்று பல சாதிப் பாளையக்காரர்களின் குடும்பக் கதைகள் அவற்றில் உண்டு. எல்லாக் கதையிலும் முன்னோன் ஒருவன் வேட்டைக்குப் போகிறான், புலியைக் கொல்கிறான், ராஜா மெச்சிப் பாளையம் கொடுக்கிறார். எழுதச் சொன்ன காலத்தைப் பாருங்கள். பாளையங்கள் பிடுங்கப்பட்டு, ஜமீன்களாக மாற்றப்பட்டு, யாருக்கு எது மிஞ்சும் என்று தெரியாத காலம். அழிந்துகொண்டிருக்கும் உரிமை தன்னைக் கதையாக எழுதிக்கொண்டது. இன்றைய மாநாட்டு மலர்கள் அந்தக் கதைகளை எடுத்துச் சந்தர்ப்பத்தை உதறிவிட்டு, 'ஆண்ட பரம்பரை' என்று அச்சடிக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முந்தைய மனுவை இவர்கள் மகுடமாக வாசிக்கிறார்கள்.

4

சலுகைக்காக வம்சம் கேட்ட அதே அரசு, அரை நூற்றாண்டு கழித்து வேறொரு காரணத்துக்காக வம்சம் கேட்டது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரை மாவட்டக் கள்ளர்கள் மேல் 1914இலிருந்து கட்டங் கட்டமாகப் பாய்ந்து, 1918க்குள் விரிவாகப் பரவியது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் பதிய மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. சட்டம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது.

ஃபூக்கோ 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெயரற்ற எளிய மனிதர்கள் அதிகாரத்தோடு மோதிய அந்த ஒரு கணத்தில் மட்டும் அதன் வெளிச்சம் பட்டு நமக்குத் தெரிகிறார்கள் என்றொரு கருத்தை முன்வைக்கிறார். மோதாமல் இருந்திருந்தால் தடமே இல்லை. நமது காப்பகங்களுக்கு இது வெகுவாகப் பொருந்தும். ஆனால் முழுவதும் பொருந்தாது. அவர் பார்த்த பிரெஞ்சு ஆவணங்களில் மாட்டியவர்கள் தனியாட்கள். ஏதோ ஒன்றைச் செய்ததாகப் புகார் வந்து, அப்புறம் பதிவானவர்கள். மதுரையில் முறை தலைகீழ். இங்கே முதலில் பதிவு, அப்புறம்தான் மோதல். ஒருவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை, யாருக்குப் பிறந்தான் என்று கேட்டார்கள். சட்டமே வம்சாவளி பார்த்தது. பெருங்காமநல்லூரில் மக்கள் மறுத்ததும் அதைத்தான்: உன் பதிவேட்டில் என் பேரு ஏறக் கூடாது.

அப்படி மறுத்துச் செத்தவர்களின் பேரன் இன்று காப்பகத்தில் பாட்டனின் பெயரைத் தேடினால், அது கிடைக்கக்கூடிய இடங்களில் ஒன்று எந்தப் பதிவேட்டை எதிர்த்து அவன் செத்தானோ அதே வகைப் பதிவேடுதான். இந்த முரணை அசைபோடாமல் மதுரை வட்டார வரலாற்றை எழுத முடியாது. இனாம் பதிவேட்டுப் பாட்டனை மட்டும் மாலையிட்டு எடுத்துக்கொண்டு, ரேகைப் பதிவேட்டுப் பாட்டனைக் கமுக்கமாக அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டையும் எழுதியது ஒரே கச்சேரி. ஒன்றில் நம்பகமான சாட்சி என்றும் இன்னொன்றில் காலனியத்தின் அவதூறு என்றும் நாம் வசதிக்கேற்ப முத்திரை குத்த முடியாது. அவதூறு என்றால் மாலையும் சந்தேகத்துக்குரியதே.

5

இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் வரி கட்டியவர்கள் இருக்கிறார்கள். செட்டில்மெண்ட் பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் அவர்களுக்கானவை. பெரியாறு அணைத் தண்ணீர் 1895இல் திறந்துவிடப்பட்டு, பேரணையிலிருந்து பிரிந்த கால்வாய் வழியே வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் வந்தபோது இந்தச் சமவெளியின் புஞ்சை நஞ்சையானது. கண்மாயை நம்பியிருந்த நிலத்துக்கு அரசாங்கத் தண்ணீர், அதற்கொரு தீர்வை. 1895க்கு முன்னும் பின்னுமான கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், யார் கையில் இருந்த நிலம் யார் கைக்குப் போனது என்பது புலப்படத் தொடங்கும். வம்சப் பெருமையைவிட இந்த வாசிப்புக்கு ஊர் வரலாற்றில் அதிகப் பயன் உண்டு.

ஆனால் பட்டாதாரன் பெயர்தான் அங்கே இருக்கும். அந்த நஞ்சையில் நாற்று நட்டவள் பெயர் இருக்காது. பண்ணையாளுக்கு வரி இல்லை, ஆகவே வரியும் இல்லை — அதாவது பதிவேட்டில் ஒரு எழுத்து வரியும் இல்லை. பெண்கள், விதவையாகி நிலத்துக்கு வாரிசானால் 'இன்னார் பெண்சாதி' என்று தலைகாட்டுவார்கள். பெண் வழியாகவே வம்சம் பேசப்படுகிற அபூர்வ இடம் கோயில் தேவதாசி மானியங்கள். தாய், மகள், மகளின் மகள் என்று அங்கே உறவு எழுதப்பட்டிருக்கும். 'கௌரவமான' குடும்பத்துப் பெண்ணுக்கு இல்லாத வம்சாவளி தாசிக்கு இருந்தது என்பதை நமது குலப்பெருமை ஆராய்ச்சியாளர்கள் எந்தப் பத்தியில் சேர்ப்பார்கள்?

பெயரும் ஒரு பொறி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான். முத்துக்கருப்பன் மகன் பெரியகருப்பன், பெரியகருப்பன் மகன் முத்துக்கருப்பன் என்று போகும்போது தேதியில்லாத ஓலையில் இருப்பது தாத்தனா பேரனா என்று எப்படிச் சொல்ல? போதாததற்கு இங்கிலீஷ் குமாஸ்தா காதில் விழுந்தபடி 'மூட்டூ கரூப்பன்' என்று எழுதியிருப்பான். ஆக, பெயரை மட்டும் வைத்துப் பாட்டனைப் பிடிக்க முடியாது. நிலத்தின் நான்கெல்லை, குலதெய்வம், பங்காளி வகையறா என்று ஊர் வைத்திருக்கும் அடையாளங்களோடு சேர்த்துத்தான் பிடிக்க முடியும். மாசி சிவராத்திரிக்கு எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறாய் என்ற கேள்வி, எழும்பூரில் எந்தக் கேட்டலாக்கிலும் இல்லாத ஒரு திறவுகோல்.

ஊரில் ஒரு வரியும் இல்லாதவன் கடல் தாண்டியதும் ஆவணமாகிவிடுகிற விந்தையும் நடந்திருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் கப்பல் பட்டியலில் உண்டு. சரக்கு தொலையக் கூடாதென்று எழுதினார்கள். இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டு ஊர் தேடி வருகிறார்கள்.

மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஏழைகள் அதிகம் போனது இலங்கைக்கு, கங்காணி மூலம். அங்கே இவ்வளவு விரிவான காகிதம் இல்லை. கங்காணியின் பற்றுவரவுதான் காகிதம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்தவனிடம் 'உன் பாட்டனைக் காட்டு' என்றது சட்டம். காட்ட முடியாத லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். வம்சாவளி என்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் வாய்விட்டு வாசித்துப் பார்க்கலாம்.

6

எது எழுதப்பட்டது என்பதைப் போலவே எது எரிக்கப்பட்டது என்பதும் வரலாறுதான். நமது மாவட்ட அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள். 'ஆர்.டிஸ்.' என்றால் நிரந்தரம், 'டி.டிஸ்.' பத்து வருஷம், 'கே.டிஸ்.' மூன்று வருஷம், 'எல்.டிஸ்.' ஒரு வருஷம். யாருடைய பிரச்சினை நிரந்தரம், யாருடையது ஒரு வருஷத்துக்கானது என்பதை மேஜையில் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார். எல்லைத் தகராறு பிழைத்துக்கொள்ளும். 'அய்யா, எங்க சேரிக்குத் தண்ணி இல்லை' என்று போட்ட மனு அடுத்த வருஷம் சாம்பல். காப்பகத்தின் மௌனம் தானாக வந்ததல்ல, கையெழுத்துப் போட்டுத் தயாரிக்கப்பட்டது.

இந்த மௌனத்தின் விலையைக் கொடுத்தவர்கள் தலித்துகள். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அவர்களுக்குள்தான் விற்கலாம் என்று நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்த நிலம் கைமாறிப் போனதை எதிர்த்த காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்கள் கேட்டது ஆண்ட பரம்பரைப் பட்டமல்ல. ஒரு பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் எழுதியிருந்த நிபந்தனையை அமலாக்கு என்றுதான் கேட்டார்கள். 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் எல்லாரும் யூ.டி.ஆர். என்று சொல்கிறதில், பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது இத்தகைய குறிப்புகள் விடுபட்டன என்பது நில உரிமை இயக்கங்கள் விடாமல் சுட்டிக்காட்டும் குறை. இன்றைக்குக் கணினியில் தட்டினால் வருவது பெரும்பாலும் இந்த யூ.டி.ஆர். வழிவந்த விவரம்தான். வில்லங்கமும் இணையத்தில் 1975இலிருந்துதான். எல்லாம் திரையில் வந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள், திரைக்கு முந்தைய காகிதம் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும். 1892ஐ நிரூபிக்க வேண்டியவனுக்கு 1975 ஒரு மதில் சுவர்.

காப்பகம் யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்கே அது அதிகத் தூரத்தில் இருக்கிறது. எழும்பூர் போய்வரக் காசு, அறிமுகக் கடிதம், பழைய இங்கிலீஷ் கூட்டெழுத்தைப் படிக்கும் பழக்கம், நாள் கணக்கில் வேலையை விட்டு உட்காரும் வசதி, இத்தனையும் வேண்டும். பரிவட்டத்துக்காகத் தேடுகிறவனிடம் இவை இருக்கின்றன. மூணு ஏக்கருக்காகத் தேடுகிறவனிடம் இல்லை.

7

அப்படியானால் காப்பகத்தை நிராகரித்துவிடலாமா? தொண்ணூறுகளில் சில நண்பர்கள் அப்படிப் பேசியதுண்டு. எல்லாம் அதிகாரத்தின் பிரதி, ஆகவே வாய்மொழி வரலாறே போதும் என்றார்கள். வாய்மொழியிலும் அதிகாரம் இருக்கிறது. ஊர்ச் சாவடியில் யார் கதை உரக்கக் கேட்கும் என்பது யாருக்குத் தெரியாது? 1892 அரசாணை என்ற அதிகாரத்தின் பிரதி இல்லாவிட்டால் பஞ்சமி நில இயக்கத்துக்குக் கையில் ஒன்றுமே இல்லை. நிராகரிப்பு, இழக்க எதுவும் இல்லாதவர்களின் சொகுசு.

செய்ய வேண்டியது வேறு. பதிவேட்டைத் திறந்ததும் பெயருக்குப் பாயாமல் பத்தித் தலைப்புகளை வாசிக்க வேண்டும். என்ன கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள், பதில் சொன்னவனுக்கு எது ஆதாயம், எது பயம் என்று பார்க்க வேண்டும். நிரப்பாத கட்டத்தையும் 'குறிப்பு' பத்தியையும் பெயருக்குச் சமமாக மதிக்க வேண்டும். ஒரே ஊருக்கான இனாம் பதிவேட்டையும் செட்டில்மெண்ட் பதிவேட்டையும் போலீஸ் காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் ஊர் தெரியும். ஒன்றை மட்டும் படித்தால் ஒரு சாதி மட்டுமே தெரியும்.

அடுத்தது, காப்பகம் என்பது எழும்பூர் மட்டுமல்ல. 1980 நவம்பரில் பரம்பரை கர்ணம், முன்சீப்புப் பதவிகள் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழிக்கப்பட்டன. ஒழிக்கப்பட வேண்டிய பதவிகள்தாம். ஆனால் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இருந்த கட்டுகள் எல்லாம் அரசிடம் வந்து சேர்ந்தன என்று நம்ப முடியுமா? பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, திருச்சபை ஞானஸ்நானப் பதிவேடு, டிரங்குப் பெட்டியில் கிடக்கும் முத்திரைத்தாள் பத்திரம், கங்காணிச் சீட்டு, தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை: இவையும் காப்பகம்தான். அவற்றை ஊரிலேயே உட்கார்ந்து, யாருடைய பெட்டி என்று பார்க்காமல் எல்லாருடையதையும் சேர்த்து வாசிக்கிற ஒரு வேலை மதுரைச் சமவெளியில் ஊர் ஊராக நடக்கலாம். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுச் சும்மா விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய கையெழுத்தைப் படிக்கும் வேலையாவது அதில் மிஞ்சும்.

அப்படி வாசிக்கும்போது ஒவ்வொருவருக்கும் பாட்டன் கிடைப்பான் என்று சொல்ல முடியாது. கிடைக்கிற பாட்டன் விரும்பியபடி இருப்பான் என்றும் சொல்ல முடியாது. மானியம் வாங்கியவனும் ரேகை வைத்தவனும் கூலிக்குக் கப்பல் ஏறியவனும் ஒரே வகையறாவில் இருக்கலாம். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத பாட்டிக்கும் பண்ணையாளுக்கும் அந்த ஊரில் இருந்த பாத்தியதை, பெயர் இருப்பவனின் பாத்தியதையைவிட ஒரு பிடி குறைந்ததல்ல. கச்சேரி அவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியை இனி நாம்தான் கேட்க வேண்டும்.